தலைவரின் வலது காது

— நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, மிஸ்டர் ஜேரே. நான் ஒண்ணும் கேக்கல.

— பாருங்க மதினி, இதுதான் எனக்குப் பொறுக்கல. லிவிங்ஸ்டன்ல வண்டி ஏறினதுலேருந்து 'மிஸ்டர் ஜேரே', 'நீங்க', 'வாங்க'. நேத்து காலை வரைக்கும் 'ஏய், எலி தின்னி'ன்னு கூப்பிட்ட வாய் இது.

— நேத்து காலை வரைக்கும் நீங்க தலைவர் இல்லையே. இணைய எண் மன்றத்தோட தலைவரை எலி தின்னின்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?

— நான் ங்கோனி இனம், நீங்க பெம்பா இனம். முறைக்காரங்க. நம்ம பாட்டன்மாருங்க ஈட்டியால குத்திக்கிட்டாங்க, அந்தக் கணக்கை நாம திட்டித் திட்டித் தீத்துக்கறோம். நீங்க என்னை எலி தின்னின்னு சொல்லணும், நான் உங்களைக் குரங்கு தின்னின்னு சொல்லணும். சாவு வீட்ல கூட அதுதான் வழக்கம். நீங்க மரியாதையாப் பேசினா எனக்கு வண்டி ஓட்டவே வரல.

— மெதுவா ஓட்டுங்க.

— லுசாகா வரைக்கும் இப்படியேவா?

— வேணும்னா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்.

— ஒண்ணும் கேக்கலைன்னீங்க.

— ஒண்ணே ஒண்ணு. நேத்து மேடையில நின்னுக்கிட்டு பழைய தலைவர் டாக்டர் ஹிமூங்கா, 'தலைவர் தேர்தலுக்குப் புது விதி வேணுங்கறவங்க இப்ப உம் கொட்டலாம்'னு சொன்னார். சொன்னாரா?

— சொன்னார்.

— அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?

— கொட்டினேன்.

— என்ன கொட்டினீங்க?

— உம்முனு கொட்டினேன். வாயை மூடிக்கிட்டு, மூக்கு வழியா. மன்றத்துல எல்லாரும் கொட்டற மாதிரிதான்.

— எவ்வளவு நேரம்?

— அதையெல்லாம் யாரு கணக்கு வெச்சிருப்பா? ஒரு மூச்சு நேரம்.

— எந்தச் சுருதியில?

— மதினி.

— இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான். பதினோரு வருஷமா இந்த மன்றத்துல உக்காந்திருக்கேன். மஸாபூக்கா ஹபீன்ஸு கொட்டினா மாவு மில் ஓடற மாதிரி இருக்கும். மோங்குலேருந்து வர்ற நசிலேலே அம்மா கொட்டினா சர்ச்சுல பாட்டுக்கு முன்னாடி தொண்டையைச் சரி பண்ற மாதிரி இருக்கும். உங்க உம் எனக்கு அத்தனை பேர் நடுவுலயும் தனியாத் தெரியும். சரக்கு லாரி மேட்டுல ஏறற மாதிரி. நேத்து அந்த லாரி வரவே இல்ல.

— தொண்டை கட்டியிருந்துது.

— மத்தியானம் உங்க பேரு வந்தப்புறம் இருபது நிமிஷம் பேசினீங்களே. அப்ப எந்தத் தொண்டை?

— பாருங்க, முன்னாடி போலீஸ். அப்புறம் பேசலாம்.

— வணக்கம். லைசென்ஸ் காட்டுங்க. எங்கேருந்து?

— லிவிங்ஸ்டன்லேருந்து, ஆபீசர். ஒரு கூட்டம் முடிஞ்சு லுசாகா போறோம்.

— ஜேரே. ஓ, ங்கோனி. டிக்கியைத் திறங்க பாக்கலாம், எலி கடத்தறீங்களான்னு. நான் கசாமாப் பக்கம், பெம்பா.

— எலி இல்ல ஆபீசர். ரெண்டு குரங்கு இருக்கு, உங்களுக்குன்னே பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

— பாத்தீங்களா அம்மா, இவன் வாயை. நீங்க யாரு?

— கசோண்டே. நானும் கசாமாதான்.

— நம்ம ஆளு. இந்த எலி தின்னியோட ஒரே வண்டியில எப்படி? மூக்கைப் பொத்திக்கிட்டா வர்றீங்க?

— இவர் எங்க மன்றத்தோட தலைவர். கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க.

— யாராவது தவறிட்டாங்களா அம்மா?

— இல்ல.

— இல்ல, ங்கோனிக்காரன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு சிரிக்காத பெம்பாவை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். பொணத்தை வெச்சுக்கிட்டே சிரிக்கறவங்க நாம. என்ன மன்றம் அது?

— இண்டர்நெட்டுக்கு எண்ணு பங்கு போடற மன்றம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டு விலாசம் மாதிரி ஒரு எண்ணு வேணும். நம்ம நாட்டுக்கும் அக்கம்பக்கத்து நாடுங்களுக்கும் யாருக்கு எத்தனை எண்ணுன்னு விதி போடற இடம்.

— அப்போ மாசத்துக்குப் போட்ட டேட்டா ஒரே வாரத்துல தீர்றது உங்க வேலைதானா?

— அது வேற ஆளுங்க.

— யாரைக் கேட்டாலும் வேற ஆளுங்கன்னுதான் சொல்றாங்க. சரி, போங்க தலைவரே. அந்த அம்மாவைச் சிரிக்க வையுங்க. வண்டியில ஏதோ சரியில்ல.

— கேட்டீங்களா மதினி? போலீஸ்காரனுக்கே தெரியுது.

— அவருக்கு முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது. எனக்குப் பக்கத்துலயே உக்காந்தும் தெரியல.

— இப்ப என்ன நடந்து போச்சு? ஒரு முன்மொழிவு விழுந்துது. மன்றத்துல வருஷா வருஷம் எத்தனை விழுது.

— ஒரு முன்மொழிவா? மூணு வருஷம் எழுதினேன். அதோட அடியில முதல் பேரு என் பேரு, ரெண்டாவது உங்க பேரு. அதுல என்ன இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா?

— பாருங்க, எனக்கே பாடம் எடுக்கறீங்க.

— சொல்லுங்களேன். தலைவர் வாயால கேக்கலாம்.

— தலைவரை உம் கொட்டித் தேர்ந்தெடுக்கறது கூடாது. மன்றத்துல பேர் பதிஞ்ச எல்லாருக்கும், எந்த ஊர்ல இருந்தாலும், ரகசிய ஓட்டு. உக்காந்த இடத்துலேருந்தே கம்ப்யூட்டர்ல போடலாம். ஒருத்தர் ரெண்டு தடவைக்கு மேல தலைவரா இருக்க முடியாது. போதுமா?

— எதுக்குன்னு?

— எதுக்குன்னா... அறையில இருக்கறவங்க உம்மு மட்டும்தான் கணக்குல வருது. வர முடியாதவங்களுக்குக் குரல் இல்ல.

— வந்தவங்களுக்கு மட்டும் இருந்துதா? டாக்டருக்கு இடது காது கேக்காது. வலது பக்கம் உக்காந்தவங்க உம்முதான் சபையில ஏறும். காலையில வாசல் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வலது பக்க நாற்காலியில துண்டு போட்டு இடம் பிடிக்கறாங்க. பஸ் பிடிச்சு லேட்டா வர்ற கபூட்டாக்காரனுக்கும் ம்வினிலுங்காக்காரனுக்கும் எப்பவும் இடது பக்கம். அவன் கழுத்து நரம்பு புடைக்கக் கொட்டினாலும் டாக்டர், 'இந்தப் பக்கம் ஆதரவு குறைவாக உள்ளது'ன்னுடுவார். ஊர்லேருந்தே திரையில வர்றவங்க கொட்டினா, 'ஒலிபெருக்கியில் ஏதோ இரைச்சல், தயவுசெய்து அணைக்கவும்.'

— இண்டர்நெட்டை நடத்தற மன்றம், இண்டர்நெட் வழியா வர்ற ஓட்டை எண்ணாது.

— அதை யார் சொன்னா?

— நான்தான். போன வருஷம், லிலோங்வே கூட்டத்துல.

— ஆமா. மேடையேறிச் சொன்னீங்க. சபையே கை தட்டிச்சு. நான் கை தட்டினது மட்டும் இல்ல, பக்கத்துல இருந்தவங்ககிட்ட, 'இது எங்க எலி தின்னி'ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டேன்.

— அந்த எலி தின்னி இன்னும் இங்கதான் இருக்கான்.

— நான் மூணு தடவை நின்னேன் தலைவருக்கு. மூணு தடவையும் டாக்டரே என்னை எதிர்த்து நின்னார், டாக்டரே உம்மு கேட்டார், டாக்டரே கண்ணை மூடித் தீர்ப்பு சொன்னார். 'எனக்கே ஆதரவு பலமாகக் கேட்கிறது, நான் என்ன செய்யட்டும்?' தலைவரோட காதுதான் ஓட்டுப்பெட்டி. அந்த ஓட்டுப்பெட்டியை மாத்தலாமான்னு கேட்டா, அதுக்கும் அந்த ஓட்டுப்பெட்டிக்குள்ளதான் உம் கொட்டணும்.

— அதனாலதானே வலது பக்கம் முதல் வரிசையில உக்காந்தோம்.

— நான் போய் இடம் பிடிச்சேன். உங்களுக்கும் சேத்து. ஓட்டல் ஆளுங்க தரை துடைச்சுக்கிட்டிருந்தாங்க, ஈரத்துல நின்னுக்கிட்டு என் சித்தெங்கேத் துணியை எடுத்து ரெண்டு நாற்காலி மேல விரிச்சேன்.

— அதை நான் மறக்கல.

— மறக்காம என்ன பண்ணீங்க? உக்காந்து ஏசிச் சத்தம் கேட்டீங்க. அறுபது பேர் இருக்கற அறையில ஏசி ஓடறது கேக்குது. டாக்டர் வலது காதைச் சபைப் பக்கம் திருப்பி, கையைக் குவிச்சு வெச்சுக்கிட்டு, 'எனக்குக் குளிர்சாதனம்தான் கேட்கிறது. எதிர்ப்பவர்கள்?'னார். அதுக்கும் குளிர்சாதனம்தான். 'இரண்டு பக்கமும் சமம். சமம் என்றால் பழைய விதி நீடிக்கும்.' மூணு வருஷத்து வேலை முடிஞ்சுது.

— ஹபீன்ஸுவும்தான் கொட்டல. அவரை ஏன் கேக்கல நீங்க?

— கேட்டேன். காப்பி நேரத்துல மடக்கிக் கேட்டேன். போன்ல மகளோட செய்தி வந்துதாம், அதைப் பாத்துக்கிட்டிருந்தாராம். நசிலேலே அம்மா, 'கொட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணினேன், அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு'ன்னாங்க. அந்த நமீபியாக்காரப் பையன் இருமல் வந்துதுன்னான். எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஏதோ ஒண்ணு வந்திருக்கு.

— சகுனமே சரியில்ல அன்னைக்கு. காலையிலயே பபூன் குரங்கு வந்து ரொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போச்சு.

— அப்ப நீங்க, 'மதினி, உங்க மத்தியானச் சாப்பாடு ஜன்னல்ல உக்காந்திருக்கு பாருங்க'ன்னீங்க. நான் டீ புரையேறச் சிரிச்சேன்.

— சிரிச்சீங்க.

— அதுக்கப்புறம் சிரிக்கல. ஹபீன்ஸு புதுக் கோட்டு, நமீபியாப் பையன் புது டை. நீங்க கல்யாண மாப்பிள்ளை மாதிரி. எல்லாரும் எதுக்கோ தயாரா வந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்பவே ஏதோ உறுத்திச்சு.

— நீங்க மட்டும் என்ன? புதுச் சித்தெங்கே, தலையில அதே துணியில கட்டு, காதுல அந்தப் பெரிய வளையம். ஹபீன்ஸு கேட்டார், 'கசோண்டே அம்மா வீட்ல விசேஷமா'ன்னு.

— முன்மொழிவு படிக்கப் போறவ கந்தலைக் கட்டிக்கிட்டுப் போவாளா?

— சரி, சரி. சோமாவுல நிறுத்தட்டுமா? நாட்டுக்கோழி நல்லா இருக்கும், ந்ஷீமாக் களியும் சூடாக் கிடைக்கும்.

— பசிக்கல. உங்க சம்சாரத்தைப் பத்தி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்.

— அவளை எதுக்கு இதுல இழுக்கறீங்க?

— அவங்க எதுக்குக் கூட்டத்துக்கு வந்தாங்க?

— அவ அக்கா வீடு லிவிங்ஸ்டன்ல இருக்கு. அருவி பாக்க வந்தா, இப்பவும் அக்கா வீட்லதான் இருக்கா.

— அருவி ஓட்டலுக்குள்ள கூட்ட அறையிலயா விழுது? கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க, முத்து மாலையோட. பத்து வருஷத்துல ஒரு கூட்டத்துக்கு வந்தவங்க இல்ல. 'எண்ணு பங்கு போடறதை எவ உக்காந்து பாப்பா'ன்னு என்கிட்டயே சொன்னவங்க.

— சும்மா எட்டிப் பாக்க வந்தா.

— சும்மா எட்டிப் பாக்க வந்தவங்க குலவை போடுவாங்களா?

— நான் தலைவரானதுக்குப் போட்டா. பொண்டாட்டி போடாம யார் போடுவா?

— எப்பப் போட்டாங்க?

— பேரு சொன்னதும்தான்.

— இல்ல. டாக்டர் என் பேரைச் சொல்லி உம் கேட்டார். உங்க பேரைச் சொல்லி உம் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். 'மன்றத்தின் புதிய தலைவராக...'ன்னு இழுத்தார். தண்ணி குடிச்சார். யாரு பேரையும் இன்னும் சொல்லல. பின்னாலேருந்து குலவை.

— அவ அவசரக்காரி.

— அவசரம் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அவங்களுக்குச் சொல்லியிருக்கீங்க. டாக்டரே ஒரு நிமிஷம் முழிச்சார், தான் ஏற்கெனவே சொல்லிட்டோமோன்னு.

— அவகிட்ட சொன்னேன், நான் கோட்டுப் பித்தானைப் போடும்போது ஆரம்பின்னு. டாக்டர் தண்ணி குடிக்கும்போதே கை தானாப் போயிடுச்சு.

— ஆக, தெரியும்.

— மதினி, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்.

— ஓட்டிக்கிட்டே சொல்லுங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?

— நேத்து காலையில. சாப்பாடு முடிஞ்சு நீங்க சீட்டுப் பிடிக்கப் போனீங்க இல்ல, அப்ப டாக்டர் என்னை நீச்சல் குளத்துப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போனார். தோள் மேல கையைப் போட்டுக்கிட்டு. வலது பக்கமா நடக்கச் சொன்னார், நான் சொல்றது கேக்கணுமே.

— என்ன சொன்னார்?

— இந்த விதி பாஸானா யார் யாருக்கு ஓட்டுன்னு பட்டியல் சரி பண்ணவே ஒரு வருஷம் ஆகும், அதுவரைக்கும் தேர்தல் நடத்த முடியாது, வேற வழியில்லாம நான்தான் உக்காந்திருக்கணும், எனக்கும் வயசாச்சு, பேரப் பிள்ளைங்க கேக்கறாங்கன்னார். விதி இன்னைக்குத் தூங்கிப் போச்சுன்னா இன்னைக்கே பழைய முறையில தேர்தல் வெச்சுடலாம், நான் நிக்கமாட்டேன், என் காது உன் பக்கம்தான்னார். நீ எதிர்த்துக் கொட்ட வேண்டாம், யாரையும் திருப்ப வேண்டாம், ஒரே ஒரு மூச்சு நேரம் சும்மா இரு, போதும்னார். அதைக் கேக்கும்போது எனக்கு அது ஒரு பெரிய தப்பாவே தெரியல மதினி. சும்மா இருக்கறது எப்படித் தப்பாகும்?

— நாற்காலியில உக்காந்தப்புறம்?

— உக்காந்தப்புறம் அதே விதியை நானே கொண்டு வர்றேன். அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன். வெளியில நின்னுக்கிட்டு மூணு வருஷம் தட்டினோம், கதவு திறக்கல. உள்ள போய்த் திறந்து விடலாம்னு நினைச்சேன். சமூகத்தின் நீண்டகால நலனைக் கருத்தில் கொண்டு...

— யார் எழுதிக் குடுத்தது அந்த வரி?

— நானாத்தான் பேசறேன்.

— ஒரே ராத்திரியில உங்க வாயில டாக்டர் பேச ஆரம்பிச்சுட்டார் பாருங்க. அப்போ உம்மு கொட்டி நாற்காலியில உக்காந்துட்டு, உக்காந்தபடியே அந்த நாற்காலியோட காலை அறுக்கப் போறீங்க. அடுத்த வருஷம், 'நான் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை மோசமானது, அதனால் என்னை எழுப்பி விடுங்கள்'னு நீங்களே தீர்மானம் கொண்டு வருவீங்க. நம்பிட்டேன்.

— நான் அப்படிப்பட்டவன்தான்னு உங்களுக்குத் தெரியும்.

— இப்படிச் சொல்லித்தானே எல்லாரும் உக்காந்தாங்க? டாக்டரே ஒரு காலத்துல சீர்திருத்தக்காரர். அவருக்கு முன்னாடி இருந்தவரை எழுப்பறதுக்கு அவர் பண்ணின பேச்சைப் பழையவங்க இன்னும் சொல்லுவாங்க. அப்போ அவருக்கு ரெண்டு காதும் கேட்டுது.

— துணைத் தலைவர் பதவி காலியா இருக்கு மதினி. உங்களை நியமிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. உம் கூடக் கொட்ட வேண்டாம்.

— ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. காத்து வேணும்.

— கோவிச்சுக்காதீங்க.

— கோவம் இல்ல. உங்களுக்கு என் ஊர் தெரியும். ரெண்டு டவரை வெச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் நெட்டு குடுத்துக்கிட்டிருக்கேன். லுசாகாக் கம்பெனிங்களுக்கு மூட்டை மூட்டையா எண்ணு. எங்களுக்கு ஒரு கைப்பிடி, அதையும் விண்ணப்பம் போட்டு மாசக் கணக்கா நின்னு வாங்கணும். எதை விவாதத்துக்கு எடுக்கறது, எதைப் பரண்ல போடறதுன்னு தலைவர்தான் முடிவு பண்றார். அதுக்குத்தான் எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு. ஒளிச்சுப் பேசல. வேணும். என்னைப் போல இருநூறு பேர் வடக்கேயும் மேற்கேயும் உக்காந்திருக்காங்க. அவங்க கையில ஓட்டு வந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்.

— ஜெயிச்சிருப்பீங்க. எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

— அவங்க இருக்கற போன் குழுவுல நேத்துலேருந்து செய்தி வந்துக்கிட்டே இருக்கு. 'அம்மா, என்ன ஆச்சு? பாஸாச்சா? எங்க திரை பாதியில நின்னு போச்சு.' கபூட்டா வாத்தியார் மட்டும் நாலு தடவை கேட்டுட்டார்.

— என்ன பதில் போட்டீங்க?

— போடல.

— இன்னும் போடலையா? நேத்து மத்தியானம் நடந்தது.

— என்னன்னு போடறது? எனக்கு எதிரா யாரும் கொட்டல, எனக்காகவும் யாரும் கொட்டலைன்னா? ஹபீன்ஸு ஏன் கொட்டல, ஜேரே ஏன் கொட்டலைன்னு அடுத்த கேள்வி வரும்.

— என் பேரைப் போட்டுடுங்க. தாங்கிக்கறேன்.

— பெரிய மனசு.

— இல்ல, நிஜமாவே. பாருங்க, ராத்திரி ரூம்ல எனக்குத் தூக்கமே வரல. பொண்டாட்டி சந்தோஷமா அக்காவுக்குப் போன் போட்டுப் பேசிக்கிட்டிருக்கா, நான் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன். காலையில நீங்க ஓட்டல் வாசல்ல பெட்டியோட நின்னீங்க. வண்டியில ஏறமாட்டீங்கன்னு நினைச்சேன். ஏறினீங்க. ஏறி, 'நன்றி, மிஸ்டர் ஜேரே'ன்னீங்க. அதுக்குப் பதிலா ஒரு அறை விட்டிருக்கலாம்.

— என்னை எது அறுக்குதுன்னு தெரியுமா? அந்தத் தேர்தல். என் பேரைச் சொல்லி உம் கேட்டப்போ சத்தம் நல்லாவே வந்துது. ஜன்னல் பக்கத்துலேருந்து வந்துது, பின்னாலேருந்து வந்துது, திரையில யாரோ கொட்டினாங்க, டாக்டர் அதைக் கூட அணைக்கச் சொல்லல. அவர் நேரா என்னைப் பாத்தார். பாத்துச் சிரிச்சார், தலையை ஆட்டினார். எழுந்திரிக்கக் கூடத் தயாரானேன். அப்புறம் அதே சிரிப்போட உங்க பேரைச் சொன்னார்.

— எனக்கு வந்த உம்மு அவ்வளவு பலமா இல்ல. உண்மை.

— ஒரு ஈ பறந்த மாதிரி இருந்துச்சு.

— இருக்கலாம்.

— அந்த ஈயோட சத்தம் அவருக்குப் பெருசாக் கேட்டிருக்கு. மனுஷன் ஒருத்தரை நேராப் பாத்துச் சிரிச்சுட்டு, வாக்குக் குடுத்த மாதிரி தலையை ஆட்டிட்டு, அடுத்த நிமிஷம் இப்படிப் பண்ணுவாரா? அவரை விடுங்க. நீங்க? விதி பாஸாகியிருந்தா அவர் சிரிப்பை யார் சட்டை பண்ணப் போறா? உங்க லாரி ஒண்ணு போதும். அது கிளம்பியிருந்தா ஹபீன்ஸு மில்லு கூட ஓடியிருக்கும். ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களும் கொட்டுவாங்க, அதுதானே அந்த அறையோட பழக்கம்?

— ஒத்துக்கறேன். கொட்டல. தொண்டையும் கட்டல, ஒண்ணும் கட்டல. சும்மா இருந்தேன். போதுமா?

— இதை லிவிங்ஸ்டன்லயே சொல்லியிருக்கலாம்.

— ஆனா எனக்கு ஒண்ணு புரியல. உம்மு கொட்டற ஏற்பாடே யாரு கொட்டறா, யாரு கொட்டலைன்னு தெரியக் கூடாதுங்கறதுக்காக வந்தது. கையைத் தூக்கினா முதலாளி பாப்பார், பேரைக் குறிச்சு வெச்சுப்பார். வாயை மூடிக்கிட்டுக் கொட்டினா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு. நான் கொட்டலைன்னு நீங்க எப்படி இவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?

— பக்கத்து நாற்காலியில இருக்கறவளுக்குத் தெரியாதா? உங்க தோளு என் தோளு மேல இடிச்சுக்கிட்டிருந்துது. டாக்டர், 'கொட்டலாம்'னு சொன்னதும் நீங்க எச்சில் முழுங்கினீங்க. கேட்டுது. பின்னால சாஞ்சீங்க, நாற்காலி கிரீச்சுன்னுது. அப்புறம் மூச்சை மெதுவா, யாருக்கும் தெரியாம விட்டீங்க. உங்க வாட்ச் ஓடற டிக்டிக் கூடக் கேட்டுது, மிஸ்டர் ஜேரே. அதை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். இப்ப ஆரம்பிப்பார், இப்ப ஆரம்பிப்பார்னு.

— கரும்பு லாரி முந்துது. இருங்க, வழி விடறேன்.

— விடுங்க.

— மதினி.

— என்ன?

— நீங்க உம் கொட்டும்போது வேற ஏதாவது சத்தம் உங்க காதுல விழுமா?

— இது என்ன கேள்வி?

— இல்ல, எனக்கு விழாது. வாயை மூடிக்கிட்டுக் கொட்டினா மண்டை முழுக்க அதுதான் ரொம்பிக்கும். லிலோங்வேல நான் கொட்டிக்கிட்டிருந்தப்போ பின்னால ஒரு பெரியவர் நாற்காலியோட சாஞ்சு விழுந்தார். எல்லாரும் திரும்பினாங்க, எனக்குத் தெரியவே இல்ல. அப்புறம் நீங்கதான் சொல்லிச் சிரிச்சீங்க. இப்ப வேணும்னா கொட்டிப் பாருங்க. நான் எச்சில் முழுங்கறேன்.

— எனக்கு இப்ப அதுக்கெல்லாம் மனசு இல்ல.

— நேத்து நான் உங்க பக்கம் திரும்பவே இல்ல. வெக்கம். எனக்கு என் நெஞ்சு அடிக்கறதுதான் கேட்டுது. நீங்க ஒருத்தராவது கொட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன். உங்க விதி, நீங்க எழுதினது. தன்னந்தனியாக் கொட்டிக்கிட்டு என்னைத் தேடியிருப்பீங்களேன்னுதான் ராத்திரி முழுக்கச் சுவத்தைப் பாத்தேன்.

— அதுக்கு?

— என் வாட்ச் ஓடினது உங்களுக்குக் கேட்டிருக்கு மதினி.

— ஏசி சத்தமே கேட்டுதுன்னு சொன்னேனே. அவ்வளவு அமைதியா இருந்துச்சு அறை.

— அதான் சொல்றேன். அவ்வளவு அமைதியா எப்படி இருந்துச்சு?

— நீங்க யாரும் கொட்டாததால.

— நாங்க யாரும் கொட்டல. நீங்க?

— வண்டியை நிறுத்து.

— இங்க நிறுத்த முடியாது, பாலம் வருது.

— பாலம் தாண்டி நிறுத்துடா.

— நிறுத்திட்டேன். இறங்காதீங்க, அந்தப் பக்கம் பள்ளம். தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம்.

— மதினி, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியமா.

— நீச்சல் குளத்துப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போய்ச் சொன்னார்னியே. எப்பன்னு சொன்னே?

— நேத்து காலையில. சாப்பாடு முடிஞ்சதும்.

— எனக்கு அதுக்கு முந்தின நாளே அதே பேச்சைச் சொல்லிட்டார்.